மாமா தூங்கிய மத்தியானம்

உங்களில் ஒருத்தியின் பேரன் ஊட்டிப் பக்கம் போய் ட்ரவுட் மீன் பிடித்த படத்தை நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். கையில் தூண்டில், தலையில் தொப்பி, முகமெல்லாம் பல். எல்லோரும் வரிசையாக இதயம் போட்டீர்கள். நான் மட்டும் போடவில்லை. “மீன்காரர் வீட்டுப் பெண்ணுக்கு மலை மீன் பிடிக்காதோ” என்று ஒருத்தி கேட்டும் விட்டாள். ஒரு வரியில் எழுதி முடிக்கிற சங்கதி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவு எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கும்பிடுகிற பொம்மையை அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவு முடிந்து வந்ததும் நான் உங்களிடம் அடித்த பெருமை ஞாபகம் இருக்கிறதா? மலைக்குப் போய் வந்தேன், அங்கே பேசினால் வாயிலிருந்து புகை வரும் என்று ஊதி ஊதிக் காட்டினேன். காரைக்கால் வெயிலில் புகையும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நீங்கள் சிரித்தீர்கள். அந்த லீவில் நடந்ததில் நான் உங்களுக்குச் சொன்னது புகையை மட்டும்தான்.

கருக்களாச்சேரியில் எங்கள் அப்பாவுக்கு ஒரே தங்கை. அந்த அத்தை அம்பகரத்தூர் கோயிலுக்குப் போன இடத்தில் அந்த ஊர்க்காரர் ஒருத்தரைப் பார்த்துப் பழகி, அவரையே கட்டிக்கொண்டு போய்விட்டார். மாமா வீட்டில் வயல் வேலை. எங்கள் வீட்டில் கடல். அப்பாவுக்கு அது ஆறவே இல்லை. “ஏர் புடிக்கிறவனுக்கு என் தங்கச்சியா” என்று ஆறு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது. ஊரில் இருக்க முடியாமல் அவர்கள் இரண்டு பேரும் மலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ட்ரவுட் மீன் வளர்க்கிற பண்ணையில் மாமாவுக்குத் தினக்கூலிக் காவல் வேலை கிடைத்தது. அத்தையிடமிருந்து அம்மாவுக்கு மட்டும் ரகசியமாகக் கடுதாசி வரும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாள் முதல் நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். எங்கள் வீட்டில் என் படிப்புக்கு முதல் உபயோகம் அதுதான்.

அந்தச் சித்திரையில் அப்பா கரையேறும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டது. மரம் தோளில் அடித்து, ஒரு மாதம் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடலுக்குப் போகாத அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்வது பெரிய பாடு. அடுப்படியில் வந்து நின்று அம்மாவுக்குக் குழம்பு வைக்கச் சொல்லித் தருவார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தையின் கடைசிக் கடுதாசியை என் கையில் கொடுத்து அப்பா முன்னாலேயே படிக்கச் சொன்னார். அத்தைக்குக் குழந்தை பிறந்திருந்தது. மாமாவின் வேலையை நிரந்தரமாக்குவதற்கு அந்த மாதம் பெரிய ஆபீசர் வந்து பார்க்கப் போகிறார். அண்ணன் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். அப்பா ரொம்ப நேரம் தோளைத் தடவிக்கொண்டிருந்தார். “புள்ளைங்களுக்கு லீவுதான” என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

மாயவரத்தில் ரயில் ஏறி, திருச்சியில் மாறி, கோயம்புத்தூரில் இறங்கி, அப்புறம் பஸ். அப்பா, அம்மா, நான், என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன். அம்மா தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தூக்கில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார். தூக்கிலும் அதன் மூடியிலும் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அண்ணன் வாந்தி எடுத்தான். கடலில் ஆடாத தலை பஸ்ஸில் ஆடுகிறதே என்று அப்பாவுக்கு அவமானம்.

அந்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது உங்கள் பேரன் போன இடமும் இல்லை. மேலே காட்டுக்குள்ளிருந்து ஓர் ஓடை வரும். அதைக் கல் கட்டித் தடுத்து, அதிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிப் பண்ணைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பண்ணையில் நீள நீளமான சிமெண்டுத் தொட்டிகள். அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் மீன்குஞ்சுகள் கறுப்புக் கறுப்பாகத் திரளும். தொட்டிகளுக்குக் கீழே சரிவில் ஒரு குளம், குளத்தைச் சுற்றிப் புல்வெளி. சீசனில் வருகிறவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். சாப்பாட்டுக்கு இல்லாமல் பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களை நாங்கள் அன்றைக்குத்தான் பார்த்தோம். நாற்காலி எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “உக்காந்துகிட்டு புடிக்கிறானுவ” என்று மட்டும் சொன்னார்.

மாமா ஒல்லியாக, கழுத்தில் மப்ளரோடு, எப்போதும் ஈரமான கால்களோடு இருப்பார். அரை மணிக்கு ஒரு தடவை போய் வாய்க்கால் தொட்டியில் விழுகிற இடத்தில் இருக்கிற கம்பிச் சல்லடையில் இலை, செத்தை எல்லாவற்றையும் வாரிப் போடுவார். நடு ராத்திரியிலும் லாந்தரை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போவார் என்று அத்தை சொன்னார். நாங்கள் அங்கே இருந்த நாட்களில் அந்த மனிதர் தூங்கி நான் பார்க்கவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்குஞ்சுகளுக்குத் தீனி ஆட்டு ஈரல். பண்ணையிலிருந்து கொடுத்துவிடுவார்கள், அத்தை அதை அம்மியில் மைய அரைத்துக் கொடுப்பார். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை ஈரல் அரைத்ததைப் பார்த்துவிட்டு அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

“மீனுக்கா இது?”

“ஆமாண்ணே. குஞ்சா இருக்கறப்ப இதான் குடுக்கணுமாம்.”

“நம்ம வீட்டுல ஈரல் எடுத்து எத்தினி நாளாச்சு?” என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

“நீங்க மீனா பொறந்திருக்கணும்” என்றார் அம்மா. அத்தை சிரித்தார். அப்பாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் மாமாவிடம் அப்பா பேசவில்லை. எதையாவது கேட்க வேண்டுமென்றால் அத்தையைப் பார்த்துக் கேட்பார், பதிலை மாமா சொல்வார். மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டிய ஆள். அந்த வார்த்தை அப்பா வாயில் வரவில்லை. சாப்பிடும்போது மாமா எழுந்து வந்து “இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க மச்சான்” என்பார். அப்பா தட்டைப் பார்த்துத் தலையாட்டுவார். அத்தை கரண்டியோடு இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். அவருக்கு அண்ணனிடம் வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். ஒன்பது வயதில் எனக்கே அது புரிந்தது.

நாலாவது நாள் மாமா தன் பேரில் ஒரு சீட்டு வாங்கிவந்து அப்பாவிடம் நீட்டினார். “நாளைக்கு ஒரு நாள் நீங்க தூண்டி போடலாம் மச்சான்.” அப்பா வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு நாளாகத் தண்ணீரில் கை வைக்காத மனிதர், என்ன செய்வார்.

மறுநாள் குளத்தோரத்தில் நல்ல வேடிக்கை. மாமா கொடுத்த கழியை அப்பா ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டார். நரம்பை மட்டும் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, கடலில் போடுவதுபோல ஆட்காட்டி விரலில் விட்டுப் பிடித்தார். அடிபட்ட தோள் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அப்பாவின் விரல் லேசாகத் துடித்தது. இழுத்துப் போட்டார். வெள்ளியில் கறுப்புப் புள்ளி, விலாவில் நீளமாக ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. இவ்வளவு அலங்காரம் பண்ணிக்கொண்ட மீனை நாங்கள் பார்த்ததில்லை.

மாமா ஒரு அளவுக் குச்சியை எடுத்து மீன் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டுச் சங்கடப்பட்டார்.

“ரெண்டு விரக்கடை கொறையுது மச்சான். இந்தக் குச்சிக்குக் கொறஞ்சா திரும்ப விட்டுடணும்.”

“கரைக்கு வந்த மீனையா?”

“ஆமாங்க.”

“நாஞ் செத்தேன்” என்றார் அப்பா. மீனையும் மாமாவையும் பார்த்தார். நான் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா குனிந்து இரண்டு கையாலும் மீனைத் தண்ணீருக்குள் வைத்து விரலைத் திறந்தார். அது போன திசையைப் பார்த்துக்கொண்டே, “இது பொறுப்பான வேலைதான் மாப்ள” என்றார்.

மாமா குச்சியைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டார். சாயங்காலம் அளவுக்குச் சரியாக ஒரு மீன் கிடைத்தது. அத்தை அதைப் புளி கரைத்து நம் ஊர்க் குழம்பாகவே வைத்தார். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, மண்வாடையும் இல்லை, கடல்வாடையும் இல்லை, மீனுக்கு என்று ஒரு வாடை வேண்டாமா என்றார். ஆனால் அத்தை அன்றைக்குத் தரையில் கால் பாவாமல் நடந்தார். அப்பா சாப்பிட்டு முடிப்பதற்குள் நாலு தடவை மாப்ள என்றுவிட்டார். ஆபீசர் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

இனிமேல் வருவதை எழுதத்தான் எனக்குக் கை ஓடவில்லை.

நம் பக்கத்தில் வைகாசியில் வாய்க்கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு இன்னும் நாள் கிடக்கும். அங்கங்கே முழங்கால் அளவுக்குத் தேங்கியிருக்கும். நீங்களும் செய்திருப்பீர்கள். புல்லோடு மண்ணைப் பெயர்த்து வைத்து, சேற்றைக் குதிகாலால் மிதித்து ஓர் அணை கட்டுவோம். மடக்கின தண்ணீரைச் சட்டியால் இறைத்துக் கொட்டினால் அடியில் கெண்டையும் குரவையும் துள்ளும். வாரிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். அணையை யாரும் உடைப்பதில்லை. தேங்கின தண்ணீர்தானே, அதற்குக் கீழே யாருக்கு என்ன நஷ்டம். ஆனியில் புதுத்தண்ணீர் வந்து தானே உடைத்துக்கொண்டு போகும்.

அப்பா மீன் பிடித்த மறுநாள் மத்தியானம் எனக்கும் அண்ணனுக்கும் கை ஊறியது. தொட்டிக்குள் கை விடக்கூடாது என்று மாமா சொல்லியிருந்தார், நாங்கள் விடவில்லை. குளத்துக்குச் சீட்டு வேண்டும், அங்கேயும் போகவில்லை. மேலே காட்டோரம் ஏறிப் போனோம். அங்கே புல்லுக்கு நடுவே ஒரு சின்ன வாய்க்கால், ஒரு முழ அகலம். பார்க்க நம் ஊர் வாய்க்கால் மாதிரியே இருந்தது. தண்ணீர்தான் ஐஸ். தொட்டிக்குப் போகிற வாய்க்கால் அதுதான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. அது அங்கிருந்து வளைந்து ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

புல் பெயர்த்து, சேறு மிதித்து, நல்ல அணையாகக் கட்டினோம். மேல்தண்ணீரைப் பக்கத்துச் சரிவில் திருப்பிவிட்டோம். அம்மாவின் தூக்கை எடுத்துவந்திருந்தோம். தூக்கு மீன் போட, மூடி இறைக்க. கால் விறைத்து உணர்ச்சியே இல்லை. இருந்தாலும் அந்தச் சந்தோஷத்தை இப்போதும் என்னால் பொய் என்று சொல்ல முடியாது. ஏழு மீன், பொடிப் பொடியாக.

அந்த மேட்டில் நின்று பார்த்தால் கீழே குளம் தெரியும். நான் இடுப்பை நிமிர்த்தியபோது பார்த்தேன். வெள்ளைத் தொப்பிக்காரர் ஒருத்தரின் தூண்டில் நரம்பு, தண்ணீர் மேல் சாய்ந்த சீகை மரத்தில் போய் மாட்டியிருந்தது. மாமா மப்ளரை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த மரத்தில் ஏறிக்கொண்டிருந்தார். சீட்டு வாங்கினவர்களுக்கு உதவி செய்வதும் அவருக்கு இட்ட வேலைதான். “மாமா பாரு, மரம் ஏறுறாரு” என்றேன். அண்ணன் பார்த்துச் சிரித்தான். அதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. அம்மா கூப்பிடுகிற சத்தம் கேட்டது. தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினோம். அணையை உடைக்கவில்லை. நம் ஊரில் யார் உடைக்கிறார்கள்?

வீட்டுக்குப் போய்த் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது பண்ணையில் கூச்சல் கேட்டது. எல்லோரும் ஓடினோம். வாய்க்காலிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் கலங்கலாக, வேகமாக விழுந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைய மீன்குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. நம் ஊர்க் குரவை சேற்றிலேயே நாள் கணக்கில் கிடக்கும். அந்த மீனுக்கு அரை மணி நேரம் ஓடுகிற தண்ணீர் நின்றால் போதுமாம், மூச்சு முட்டிப் போய்விடும். அதை எனக்கு அப்போது யார் சொன்னது? அண்ணன் கலங்கல் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தான்.

பண்ணை ஆபீசர் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மாமா எதிரே நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு.

“தண்ணி எப்படிய்யா நின்னுச்சு? நீ எங்க போய்த் தொலைஞ்ச?”

மாமா எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். எல்லோரையும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார்.

“தூங்கிட்டேங்கய்யா” என்றார். “மழைல செத்தை வந்து வாய்க்கால அடைச்சிருச்சு. முழிச்சுப் பாத்துட்டு ஓடிப் போய் எடுத்துவிட்டேன். எம் மேலதான் தப்பு.”

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் மணிக்கட்டை இன்னும் இறுக்கினான். மூடிக்கொண்டேன்.

அப்பா எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கடலில் காவல் இருக்கிறவன் தூங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர். அப்பாவின் பெரியப்பா ஒருத்தர் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதான் சிப்பாயாக, இருந்தவர், காவலில் தூங்கினால் சுட்டுவிடுவார்கள் என்ற கதையைக் கேட்டே அப்பா வளர்ந்தவர். மாமாவை அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அத்தையைப் பார்த்து, “தூங்கறவங்கிட்ட வந்து வுழுந்திருக்கியே” என்றார். பெரிய ஆபீசர் வருவதற்கு அப்போது ஒரு நாள்தான் இருந்தது.

அண்ணன் அந்த ஏழு மீனையும் வீட்டுக்குப் பின்னால் கேரட் பாத்தியில் புதைத்தான். அப்போதுதான் பார்த்தோம், தூக்குக்கு மூடி இல்லை. அணை பக்கத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறோம். போய் எடுக்க இருட்டிவிட்டது. விடிந்ததும் முதல் பஸ்ஸுக்கு அப்பா கிளம்பச் சொல்லிவிட்டார்.

“தூக்கு மூடி எங்கடி?” என்று அம்மா மூட்டை கட்டும்போது கேட்டார்.

“தெரியாது” என்றேன்.

மாமா பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். “போய்ட்டு வாங்க மச்சான்” என்றார். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை என்று அப்பா அவரைக் கூப்பிட்டது அந்த ஒன்றரை நாள்தான்.

மாமாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை, இருந்த வேலையும் போய்விட்டது. அப்புறம் ஆயுசு முழுக்கக் கேரட் கழுவுகிற இடத்தில் வேலை பார்த்தார். விடியற்காலம் அந்த ஐஸ் தண்ணீரில் நின்று மூட்டை மூட்டையாகக் கழுவ வேண்டும். கால் விரலெல்லாம் வெடித்துப் புண்ணாகிவிடும் என்று அத்தை கடுதாசியில் எழுதுவார். அதையும் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்ட வேண்டும். படிக்கும்போது சில வரிகளை விட்டுவிடுவேன்.

நம் ஊரில் அவருக்குத் தூங்குமூஞ்சி மாமா என்றே பெயராகிவிட்டது. மாங்கனித் திருவிழாவுக்கு அத்தை எப்போதாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால், “உம் புருசன் முழிச்சிருக்கானா?” என்றுதான் அப்பா விசாரிப்பார். ரொம்பப் பேர் இருக்கும்போது கேட்பார். ஒரு நாலைந்து வருஷம் வந்து பார்த்துவிட்டு அத்தை வருவதை நிறுத்திக்கொண்டார். அவரும் வேதனையில் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்து, நாளடைவில் அதுவே பழக்கமாகிவிட்டது. மாமா அதற்கும் திரும்பிப் பார்த்து என்ன என்று கேட்பாராம்.

அம்மா அந்தத் தூக்கை வாயில் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துத்தான் கடைசிவரை வைத்திருந்தார். என் கல்யாணச் சீர் வாங்கும்போதுகூட, பாத்திரக் கடையில் நின்று, “ஒரு மூடி மட்டும் கெடைக்குமா” என்று கேட்டார். மூடி மட்டும் யார் விற்பார்கள்? எனக்கு அன்றைக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் வர வேண்டிய கோபம் அது என்று எனக்குத் தெரியும்.

நான் இவ்வளவு காலம் எப்படித் தூங்கினேன் என்று கேட்பீர்கள். கணக்காக ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அணை கட்டியது நாங்கள்தான், சரி. ஆனால் அவர் முழித்திருந்தால் தண்ணீர் குறைந்ததுமே பார்த்திருப்பாரே. பாதித் தப்பு எங்களுடையது, பாதி அவருடையது. மரத்தில் ஏறியவரை நான் பார்த்தேனே என்று மனசு சில நேரம் குத்தும். இறங்கி வந்து தூங்கியிருப்பார் என்று நானே சொல்லிக்கொள்வேன். அண்ணனிடம் இரண்டு தடவை பேச்சை எடுத்தேன். “விடு, அவரே ஒத்துக்கிட்டாரு, நீ என்ன கிண்டுற” என்றான். எனக்கும் அது வசதியாக இருந்தது.

அப்பா இறந்தபோது மாமாவும் வந்தார். பந்தலில் நாற்காலி காலியாக இருந்தும் ரோட்டோரமே நின்றார். சொந்தக்காரர் ஒருத்தர், “பிரயாண அலுப்பு, நீங்க வேணா ஒரு தூக்கம் போடுங்க” என்று சொல்லிவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமாவும் கூடச் சிரித்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். “நல்லாருக்கியாம்மா” என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாரும் இல்லை, அப்பாவும் இல்லை. சொல்லவில்லை. கோழைத்தனம், வேறென்ன. டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம் மாமா காலமாகிவிட்டார். போன மாதம் ஒரு சாயங்காலம் அத்தையிடமிருந்து போன் வந்தது. எண்பதை நெருங்குகிறார், காது நன்றாகக் கேட்கிறது, குரல் கணீரென்று இருக்கிறது.

“உன் தூங்குமூஞ்சி மாமா பொட்டிய இன்னிக்குத்தான் தொறந்தேன்” என்றார். “ரேஷன் கார்டு, மப்ளரு, எல்லாத்துக்கும் அடியில ஒரு துணியில சுத்தி எவர்சில்வர் மூடி ஒன்னு இருக்குது. உங்கம்மா பேரு வெட்டிருக்கு. இது இங்க எப்படி வந்துச்சு? அவரு எதுக்கு இத ஒளிச்சு வச்சிருக்காரு?”

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே அலமாரியில், அம்மாவுக்குப் பிறகு என்னிடம் வந்த தூக்கு தட்டு கவிழ்த்தபடி இருந்தது.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அம்பகரத்தூர் வாய்க்காலில் அவரும் புல்லும் சேறும் வைத்து அணை கட்டின பிள்ளைதானே. அந்த மலையில் அப்படி ஓர் அணையை யார் கட்டியிருப்பார்கள் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். பக்கத்தில் பெயரோடு மூடி வேறு. மரத்தில் ஏறியிருந்தேன் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தத் தொப்பிக்காரரே சாட்சி சொல்லியிருப்பார், வேலை போயிருக்காது. ஆனால் தண்ணீர் எப்படி நின்றது என்று ஆபீசர் மேலே ஏறிப் போய்ப் பார்த்திருப்பார். அப்பாவும் கூடவே ஏறியிருப்பார். தூங்கிவிட்டேன் என்று சொன்னதும் தப்புக்கு ஆள் கிடைத்துவிட்டது, எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. என்னுடைய பாதி என்று நான் வைத்திருந்த கணக்கும் அந்த மூடியோடு முடிந்துவிட்டது.

அத்தையிடம் சொன்னேன். அணை, இறைத்தது, ஏழு மீன், மூடி, ஒன்று விடாமல். அழுதுகொண்டே சொன்னேன், அந்த வயதில் அழுதிருக்க வேண்டியது. முடித்த பிறகு அத்தை கேட்டார்.

“அப்ப அவரு தூங்கலையா?”

“தூங்கல அத்தை. குளத்தோரம் மரத்து மேல இருந்தாரு. யாருக்கோ தூண்டி மாட்டிக்கிச்சு, அத எடுக்க ஏறுனாரு. நான் பாத்தேன்.”

“எந்த மரம்?”

“அந்தச் சீகை மரம். தண்ணி மேல சாஞ்சிருக்குமே.”

“அது பாசி புடிச்ச மரமாச்சேடி” என்றார் அத்தை. “மழை வேற. வழுக்கிச்சுன்னா என்ன ஆவறது, இந்த மனுசன் யாரக் கேட்டு ஏறுனாரு?”

அத்தை போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.